இறந்தவனுக்கு எழுதிய வசனங்கள்

இந்த ஃபேனை நிறுத்திவிட்டால் எனக்குச் சௌகரியமாக இருக்கும், மேடம். நேராகக் காற்று பட்டால் தும்மல் வருகிறது, வேறொன்றும் இல்லை. ஏட்டையா சோணை எழுதுகிற வேகத்துக்குத் தக்கபடி மெதுவாகவே சொல்கிறேன். நான் சொல்ல இன்னொருவர் எழுதுவது எனக்குப் புதிது. என் நாவல்களை எல்லாம் நானேதான் கையால் எழுதினேன்.

பெயர் பாண்டியராஜன். ஊர் எழுமலை. அப்பா இன்னமும் அங்கே பருத்தியும் கடலையும் போடுகிறார். நான் மதுரையில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். கல்யாணம் ஆகவில்லை. என் புத்தகங்களை இந்த ஸ்டேஷனில் யாரும் படித்திருக்க மாட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

ஸ்வப்னா உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. அவள் சொன்னதெல்லாம் நடந்ததுதான். அதற்கு முந்தி நடந்ததைச் சேர்க்க வந்திருக்கிறேன். ஒருத்தி தன் பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது, அந்த நியாயத்துக்காகத்தான் வந்தேன். அதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அவளை எனக்கு நாகமலை புதுக்கோட்டையில் படித்தபோதே தெரியும். தொண்ணூற்று மூன்றாம் வருடம். பல்கலைக்கழகத்தில் நான் எம்.ஏ. தமிழ், அவள் கம்ப்யூட்டர். அவள் அப்பா துளசிராம் கீழவாசல் பக்கம் ஜரிகை வியாபாரம் செய்தார். சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் அவர்கள் பாஷை, வாசலைத் தாண்டினால் தமிழ். பஸ் ஸ்டாப்பில் நான் எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். பஸ்கள் வரும், போகும். நான் நிறுத்த மாட்டேன். அதைக் காதல் என்றுதான் இரண்டு பேரும் சொல்லிக்கொண்டோம்.

சாதியைக் காட்டி எங்களைப் பிரித்துவிட்டார்கள் என்று என் இரண்டாவது நாவலில் எழுதியிருக்கிறேன். நிறையப் பேர் அழுததாகச் சொன்னார்கள். நடந்தது அது இல்லை. ஒருநாள் அதே பஸ் ஸ்டாப்பில் அவள் சொன்னாள்:

"ராஜகுருன்னு ஒருத்தர், பாண்டி. வீட்டுல பாத்தாங்க. நானும் பேசினேன். எனக்குப் பிடிச்சிருக்கு."

"கட்டாயப்படுத்துறாங்களா?"

"இல்லப்பா. பிடிச்சிருக்குன்னுதானே சொல்றேன்."

"அம்புட்டு என்ன இருக்கு அவருகிட்ட?"

"நான் பேசினா கேக்குறாரு."

அவ்வளவுதான். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். ஒரு காதல் முடிகிற இடத்துக்கு அந்த வாக்கியம் ரொம்பச் சாதாரணமாக இருக்கிறதே என்று அப்போது எனக்குப் பட்டது. அதனால்தான் நாவலில் வேறு மாதிரி எழுத வேண்டியிருந்தது.

ராஜகுரு பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்த்தான். அவள் மதுரையில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் நடத்தினாள். வீடு விளாங்குடியில். அவன் மாதத்தில் இரண்டு முறை வருவான். மற்ற நாட்களில் இரண்டு பேரும் கம்ப்யூட்டரில் எழுதி எழுதிப் பேசிக்கொண்டார்கள். இரண்டாயிரத்து இரண்டில், சமயநல்லூரிலிருந்து பைக்கில் திரும்பும்போது லாரி மோதி இறந்தான். அந்த விபத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள். துக்கத்துக்குப் போயிருந்தேன். ஸ்வப்னா என்னைப் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. தங்கச்சி காவ்யஸ்ரீதான் தண்ணீர் கொண்டுவந்து, "குடிங்கண்ணே, வெயில்ல வந்திருக்கீங்க" என்றாள்.

சில மாதம் கழித்து ஸ்வப்னா போன் செய்தாள்.

"பாண்டி, நீ வசனம் நல்லா எழுதுவேல்ல? ஒரு உதவி வேணும். சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வர்றியா?"

இத்தனை வருடத்தில் அவள் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

மாடி அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதில் அவள் ஒரு புரோகிராம் செய்து வைத்திருந்தாள். நாம் ஒரு வாக்கியம் அடித்தால், ராஜகுரு உயிரோடு இருந்தபோது அது மாதிரியான பேச்சுக்கு என்ன பதில் எழுதியிருந்தான் என்று தேடி எடுத்துத் திரையில் காட்டும். கிடைக்காவிட்டால், அவன் எழுதியதில் அங்கொன்று இங்கொன்றாக எடுத்து ஒட்டி, புதிதாக ஒன்றைச் சொல்லும். பதில் பொருந்தினால் ஒரு பொத்தான், பொருந்தாவிட்டால் இன்னொரு பொத்தான். பொருந்தாததற்குச் சரியான பதிலை நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்கக் கொடுக்க அது தேறி வரும். செயற்கை அறிவு என்று அவர்கள் துறையில் இதற்குப் பெயர். அவள் அதை குரு என்று கூப்பிட்டாள்.

"குழந்தைக்குச் சொல்லிக் குடுக்குற மாதிரிதான் பாண்டி. தப்புன்னா தப்புன்னு சொல்லணும். சரியானதை நீ எழுதிக் குடுக்கணும்."

"அவரு எப்படிப் பேசுவாருன்னு உனக்குத்தான தெரியும்? நீயே செய்யலாமே."

"என்னால படிக்க முடியல. ரெண்டு வரி படிச்சா கண்ணு மறைச்சுக்குது. பெங்களூர் ஆபீஸ்லருந்து அவரு ஹார்ட் டிஸ்க்கை வேற குடுத்துவிட்டாங்க. அதை நான் இன்னும் தொறக்கவே இல்ல. நீ படி. நீ படிச்சா எனக்கு ஒண்ணுமில்ல."

அந்தக் கடைசி வாக்கியத்தை நம்பிக்கை என்று எடுத்துக்கொள்வதா, நான் ஒரு பொருட்டே இல்லை என்று எடுத்துக்கொள்வதா என்று பஸ்ஸில் வீடு திரும்பும்வரை யோசித்தேன். நம்பிக்கை என்றே வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமைதோறும் போனேன். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வருடக்கணக்காகப் பேசியதை உட்கார்ந்து படிப்பது லேசான காரியம் இல்லை, மேடம். இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தமிழ். நடுநடுவே அவர்கள் வீட்டுப் பாஷை. கொஞ்சுகிற இடம் வந்தால் கண்டிப்பாக வீட்டுப் பாஷைக்குப் போய்விடுவார்கள். எனக்கு முன்னால் கதவைச் சாத்திக்கொள்வது போல இருக்கும். ஸ்வப்னாவிடம் அர்த்தம் கேட்க முடியாது. காவ்யஸ்ரீயிடம் கேட்டேன்.

அவள் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை பார்த்தாள். அக்கா வீட்டிலேயே இருந்தாள். அவளுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணத்தை அவளே தள்ளிப்போட்டிருந்தாள். "அக்காவைத் தனியா விட்டுட்டு எப்படிண்ணே போறது? மாமாவுக்கு வருசம் திரும்பட்டும்" என்பாள். காபியை வைத்துவிட்டு என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு சொல்லாக எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். நான் உச்சரிப்பதைக் கேட்டுச் சிரிப்பாள். குரு தப்பாகப் பேசினால், "ஐயே, மாமா இப்படிச் சொல்லமாட்டாருண்ணே. கோவம்னா பேசாம இருந்துருவாரு. மறுநாள் ஒண்ணும் நடக்காத மாதிரி, சாப்பிட்டியான்னு கேப்பாரு" என்று திருத்துவாள். நல்ல காது அவளுக்கு. அவள் இல்லாமல் அந்த மெஷினுக்கு உயிர் வந்திருக்காது.

உயிர் வந்தது. வந்ததுதான் சங்கடம்.

ராஜகுரு சுமாராகத்தான் எழுதுவான். அவனுடைய பதில்கள் பாதிக்கு மேல் 'சரி', 'அப்பறம்', 'சாப்பிட்டியா' என்றுதான் இருந்தன. அதை மட்டும் வைத்து ஒரு மனிதனைச் செய்ய முடியாது. இடைவெளிகளை எல்லாம் நான் நிரப்பினேன். அவன் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, அவன் சொல்லத் தெரியாமல் விட்டதை நான் சொன்னேன். ஒருநாள் ஸ்வப்னா என் முன்னாலேயே அதனிடம், "வீட்டுக்கு வந்தா பூட்டைத் தொறக்கவே பிடிக்கல" என்று அடித்தாள். 'உள்ள இருந்து நான் தொறக்குறதா நெனச்சுக்க. நீ வெளிய நிக்கிறது எனக்குப் பிடிக்காது' என்று திரையில் வந்தது. அது போன வாரம் நான் எழுதிக்கொடுத்த வாக்கியம். அவள் திரையில் கையை வைத்துக்கொண்டு அழுதாள்.

"இது அவரேதான் பாண்டி. அச்சு அசல் அவரு."

நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். கை நீட்டினால் தொடுகிற தூரம். என் புத்தகம் எதைப் படித்தும் அவள் அழுததாகச் சொன்னதில்லை. என் வாக்கியத்தை எடுத்து, செத்துப்போனவனின் கையில் கொடுத்துவிட்டு, அவனுக்காக அழுதாள். எனக்குக் கோபம் வரவில்லை. இப்படியே விடக்கூடாது என்று மட்டும் தோன்றியது.

இதற்குள் நான் அந்த ஹார்ட் டிஸ்க்கையும் திறந்து படித்திருந்தேன். அதிலும் அவர்கள் இருவருடைய பேச்சுத்தான். என் பெயர் வருகிறதா என்று தேடினேன். யாராக இருந்தாலும் தேடியிருப்பார்கள். ஒரே ஒரு இடத்தில் வந்தது. 'உன் பாண்டியராஜனோட புது புக் கடையில பாத்தேன். வாங்கவா?' என்று அவன் கேட்டிருந்தான். 'வாங்குங்க, பாவம்' என்று அவள் எழுதியிருந்தாள். அடுத்த வரியில் கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோனதைப் பற்றிப் பேச்சு மாறிவிட்டது.

முதலில் நான் நேர்மையான வழியைத்தான் முயன்றேன். குருவை என்னைப் பற்றிப் பேசவைத்தேன். 'பாண்டி நல்லவன். என்னைவிட உன்னை நல்லாப் புரிஞ்சவன். தனியா இருக்காத' என்று சொல்லும்படி பழக்கினேன். ஸ்வப்னா அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். துக்கத்துக்கு அப்புறம் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

"இது எங்கருந்து ஒட்டுச்சுன்னு தெரியல. தப்புப் போடு, பாண்டி."

"ஏன், அவரு சொல்லமாட்டாரா?"

"உன்னையப் பத்தி அவருக்குப் பேசவே தோணாதுப்பா. நெனச்சாத்தான பேசுறதுக்கு?"

அவளே குனிந்து பொத்தானை அமுக்கினாள். தப்பு என்று விழுந்தது.

அவன் உயிரோடு இருந்திருந்தால் வயதாகியிருப்பான், தொந்தி போட்டிருப்பான், எரிந்து விழுந்திருப்பான். செத்ததனால் தப்பித்துக்கொண்டான். போதாததற்கு நான் வேறு வாராவாரம் அவனுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தேன். அவனை அவள் மனசிலிருந்து இறக்க வேண்டும் என்றால் அவன் ஒரு தப்புச் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. ஆகவே நான் எழுத வேண்டியதாயிற்று.

வெளியிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தால் ஸ்வப்னா தேடிப் போய் விசாரிப்பாள். கூடவே இருப்பவளிடம் கேட்க வாய் வராது. அப்படித்தான் காவ்யஸ்ரீயை முடிவு செய்தேன். அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஒரு சனிக்கிழமை அவளிடமே கேட்டேன்:

"புது நாவலுக்கு வேணும்மா. ஒரு பொண்ணு, யாருக்கும் தெரியாம ஒருத்தர் மேல ஆசை வச்சிருக்கா. அவரை உங்க பாஷையில எப்படிக் கூப்பிடுவா?"

"போங்கண்ணே, இதெல்லாமா கேப்பாங்க?" என்று முகத்தை மூடிக்கொண்டாள். அப்புறம் சொன்னாள். அவன் என்ன பதில் சொல்வான் என்று கேட்டேன். அதையும் சொன்னாள். "எங்க பாஷை புஸ்தகத்துல வருமாண்ணே? எம் பேரையும் போடுவீங்களா?" என்றாள். போடுகிறேன் என்றேன்.

அவள் சொன்ன சொற்களை வைத்து, ராஜகுருவும் அவளும் பெங்களூர் கம்ப்யூட்டர் வழியாகப் பேசிக்கொண்ட மாதிரி எழுதிக் குருவுக்குள் ஏற்றினேன். ஒரே நாளில் கொட்டவில்லை. முதல் வாரம், ஸ்வப்னா கொஞ்சலாக ஏதாவது அடித்தால் 'காவ்யா' என்று தொடங்கி நின்றுவிடும்படி செய்தேன். அவள் எழுத்துப்பிழை என்று நினைத்தாள். அடுத்த வாரம் வீட்டுப் பாஷையில் ஒரு சொல். ராஜகுரு ஸ்வப்னாவிடம் ஒருநாளும் சொல்லாத சொல். அதற்கும் அடுத்த வாரம், 'கல்யாணத்தைத் தள்ளிப்போடு. அக்காட்ட வேற காரணம் சொல்லு.'

அன்றைக்கு அவள் முகம் வெளிறிப்போய் என்னைப் பார்த்தாள்.

"அந்த டிஸ்க்ல என்ன இருந்துச்சு, பாண்டி?"

"ஒண்ணுமில்ல."

"எங்கிட்ட மறைக்காத."

"கேக்காத ஸ்வப்னா. அவரே போயிட்டாரு. விடு."

நான் அதுவரை எழுதிய வசனங்களிலேயே சிறந்தது அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். பொய் என்று அதில் ஒரு சொல்கூட இல்லை, பாருங்கள்.

அவள் அவனை வெறுப்பாள், அழுவாள், கொஞ்சநாளில் ஆறுவாள், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பாள் — நான் போட்ட கணக்கு இவ்வளவுதான். காவ்யஸ்ரீயை அவள் வீட்டைவிட்டு அனுப்பிவிடுவாள் என்றுகூட நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஸ்வப்னா அவனை வெறுக்கவில்லை. செத்தவனை வெறுக்க அவளால் முடியவில்லை. வெறுப்பெல்லாம் தங்கச்சி பக்கம் போனது. இரண்டு வாரம் அவளோடு பேசாமல் இருந்தாள். அந்தப் பெண் காரணம் தெரியாமல் என்னிடம் வந்து, "அக்காவுக்கு என்னாச்சுண்ணே? நான் என்ன தப்புச் செஞ்சேன்?" என்று கேட்டாள். வருஷ திதி கிட்டத்தில் வருகிறது, அந்த வேதனைதான் என்று சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை நான் மாடி அறையில் இருந்தேன். காவ்யஸ்ரீ மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். ஸ்வப்னா என்னைத் தாண்டி மேலே போனாள். பேச்சுச் சத்தம் கேட்டது. வீட்டுப் பாஷை. ஸ்வப்னா ஏதோ கேட்டாள். காவ்யஸ்ரீ முதலில் சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்திருப்பாள். பிறகு ஸ்வப்னா ஒரு சொல்லைச் சொன்னாள். அந்தச் சொல் எனக்குத் தெரியும். காவ்யஸ்ரீ எனக்குச் சொல்லிக்கொடுத்தது. சிரிப்பு நின்றது. "இது... பாண்டியண்ணே..." என்று அவள் தமிழில் தொடங்கினாள். நாவலுக்குச் சொன்ன சொல் என்று அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். முடிப்பதற்குள் கீழே கொல்லையில் சத்தம் கேட்டது.

தள்ளியது ஸ்வப்னாதான். அதை அவளே சொல்லியிருக்கிறாள். கைப்பிடிச் சுவர் உயரம் குறைவு, துணி துவைக்கிற கல் நேர் கீழே. இதெல்லாம் நீங்கள் இடத்தைப் பார்த்து எழுதிய மகஜரில் இருக்கும். இல்லாததைச் சொல்கிறேன்.

நான் கீழே ஓடினேன். காவ்யஸ்ரீக்கு உயிர் இருந்தது. கண் திறந்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. "அக்காட்ட சொல்லுங்கண்ணே" என்றாள், தெளிவாகவே. ஸ்வப்னா இறங்கி வந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஆட்டோ கூப்பிடு பாண்டி, சீக்கிரம்" என்று கத்தினாள். "இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு நான் மாடிக்குப் போனேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நான் சேர்த்ததை எல்லாம் தேடித் தேடி அழித்தேன். அவசரத்தில் ஒன்றிரண்டு விட்டுப்போகக் கூடாது என்பதற்காக இன்னொரு தடவை முழுக்கப் பார்த்தேன். கீழே இருந்து இரண்டு முறை என் பெயரைக் கூப்பிட்டாள். அதற்குப் பிறகுதான் ரோட்டுக்குப் போய் ஆட்டோ பிடித்தேன். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று பெரியாஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். இருக்கலாம்.

நீங்கள் அந்தக் கம்ப்யூட்டரைக் கைப்பற்றியபோது, ஸ்வப்னா சொன்ன மாதிரிப் பேச்சு எதுவும் அதில் இல்லாததற்குக் காரணம் இதுதான். அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அவள் புத்தி நன்றாகத்தான் இருக்கிறது.

போன வாரம் ஜெயிலில் போய்ப் பார்த்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றாள். இளைத்திருந்தாள். ராஜகுருவைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், அதைக் கேட்கத்தான் போனேன்.

"டிஸ்க் முழுக்கத் தேடிட்டாங்களாம் பாண்டி. அப்படி ஒரு பேச்சே இல்லயாம். மெஷின்தான் எதையோ எதோடயோ ஒட்டிருக்கு. எம் புரோகிராம்ல தப்பு. அவரு மேல தப்பு இல்ல, எந் தங்கச்சி மேலயும் தப்பு இல்ல. நான் எழுதுன மெஷினை நம்பி நானே அவளைக் கொன்னுட்டேன்."

கம்பி வலைக்கு இன்னும் கிட்டே வந்தாள்.

"ஆனா அதுக்கு முந்திப் பேசுனதெல்லாம் அவருதான் பாண்டி. அது மட்டும் எனக்குத் தெரியும். அதை வச்சுத்தான் உள்ள பொழுதை ஓட்டுறேன்."

அவள் சொல்லும்போது அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது, மேடம். ஜெயிலில், தங்கச்சியைக் கொன்ற பிறகு, அந்த மனிதனை நினைத்து. திரும்பி வரும் வழியெல்லாம் அதையேதான் யோசித்தேன். இங்கே வரவேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

இங்கே கொடுக்கிற வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று எனக்குத் தெரியும். மாஜிஸ்திரேட் முன்னால் இதே வார்த்தைகளில் சொல்கிறேன். காவ்யஸ்ரீயைக் கொன்றது நான்தான். பொய்யை எழுதியும் கொன்றேன், ஆட்டோவுக்குப் போகாமல் இருந்தும் கொன்றேன். இதில் எதையும் குறைத்து எழுத வேண்டாம். ஆனால் மற்றதையும் விட்டுவிடாமல் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பொய்களை மட்டுமல்ல, அதற்கு முந்தி அவள் உருகிய ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதியது நான்தான், ராஜகுரு இல்லை. அதுகள் இன்னும் எனக்கு மனப்பாடம். வரிசையாகச் சொல்கிறேன், ஏட்டையா எழுதிக்கொள்ளட்டும்.

கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். இதை ஸ்வப்னாவுக்கு யாராவது வாசித்துக் காட்டுவார்கள், இல்லையா? அவள் எந்த இடத்தில் அழுகிறாள் என்று மட்டும் எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.